கதை நடக்கும்போது உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது?

கேள்வி இது: "வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. தனியாக உட்கார்ந்து ஆடும் கதை கேம்களைப் பற்றி ஆடியவர்கள் சொல்வதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒரே கேமை ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார். இன்னொருவர் 'பட்டன் வைத்த சினிமா' என்று கழுவி ஊற்றுகிறார். யார் பேச்சை நம்புவது? எதிலிருந்து தொடங்குவது?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே கேமின் வேறு வேறு நிமிடங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். இந்த வகை கேம்களை இருபது வருடத்துக்கு மேலாக ஆடியதிலும், ஆடியவர்களோடு மல்லுக்கட்டியதிலும் எனக்கென்று ஓர் அளவுகோல் அமைந்துவிட்டது. யாராவது ஒரு கேமின் கதையைப் புகழ்ந்தாலும் சரி, திட்டினாலும் சரி, "அந்தக் காட்சி நடந்தபோது உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேட்பேன். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரின் கருத்து பெரும்பாலும் உதவும். "சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று சொல்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சில பழைய கேம்களின் திருப்பங்களைத் தொடாமல் இதைப் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் ஆட வேண்டியது என்று நான் நினைக்கும் ஒன்றை மட்டும் உடைக்காமல் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

இந்தச் சண்டை இன்று நேற்று தொடங்கியதல்ல. 1998-இல் வந்த இரண்டு கேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வால்வ் நிறுவனத்தின் முதல் கேமான ஹாஃப்-லைஃப். எடுத்த எடுப்பில் நீங்கள் ஒரு டிராம் வண்டியில் ஏறி ஆராய்ச்சி நிலையத்துக்குள் போகிறீர்கள். சுட ஒன்றும் இல்லை, குதிக்க ஒன்றும் இல்லை. ஆனால் வண்டிக்குள் நடக்கலாம். எந்தச் சன்னல் வழியாக எதைப் பார்ப்பது என்பது உங்கள் பாடு. கடைசிவரை கேமரா கதாநாயகன் கோர்டன் ஃப்ரீமேனின் கண்ணைவிட்டு வெளியே போகாது. அவர் ஒரு வார்த்தை பேசவும் மாட்டார்.

இன்னொன்று ஹிடியோ கோஜிமா என்ற வடிவமைப்பாளரின் மெட்டல் கியர் சாலிட். இது நேர் எதிர். வாய் ஓயாது. ரேடியோவில் பேச்சு, கட்சீனில் (ஆட்டம் நின்று படம்போல ஓடும் காட்சியில்) பேச்சு, செத்துக்கொண்டிருக்கும் எதிரிகூட ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் சாவான். ஆனால் அதே கேமில்தான் மனதைப் படிக்கும் வில்லன் சைக்கோ மான்டிஸ் வருகிறான். உங்கள் மெமரி கார்டைப் படித்து, நீங்கள் ஆடிய வேறு கேம்களின் பெயரைச் சொல்லி மிரட்டுவான். கண்ட்ரோலரைத் தரையில் வைக்கச் சொல்லி, அதை நடுங்கவைத்து நகர்த்திக் காட்டுவான். அவனை அடிக்க முடியாமல் திணறும்போது கண்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாவது போர்ட்டில் செருகினால் அவனால் உங்கள் மனதைப் படிக்க முடியாது. சினிமா எடுக்கிறார் என்று அதிகம் கேலி செய்யப்பட்ட ஆள், ஆடுபவரின் கையைப் பற்றி மற்ற எல்லோரையும்விட அதிகம் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும்.

அதற்காகக் கேலி முழுக்கத் தவறு என்று சொல்லவில்லை. 2008-இல் வந்த நான்காம் பாகத்தின் முடிவுக் காட்சிகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். நான் கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதில் என்ன நடந்தது என்று இன்று கேட்டால் பாதிதான் சொல்வேன்.

மூன்றாம் பாகத்தை (2004) மட்டும் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கதாநாயகன் ஸ்நேக்கின் குரு ஒரு பெண். தி பாஸ் என்பது அவள் பட்டப்பெயர். அவளைக் கொல்வதுதான் அவனுக்கு இட்ட வேலை. வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியில் கடைசிச் சண்டை. அவள் விழுகிறாள். துப்பாக்கி அவளை நோக்கி நிற்கிறது. வழக்கமான கட்சீன் போலத்தான் இருந்தது, நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து விநாடி, பத்து விநாடி, ஒன்றும் நடக்கவில்லை. டிஸ்க் சிக்கிக்கொண்டதோ என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: கேம் எனக்காகக் காத்திருக்கிறது. சுடும் பட்டனை நான் அழுத்தாவிட்டால் அந்தக் காட்சி நகராது. அழுத்தினேன். வெள்ளைப் பூக்கள் சிவப்பாக மாறின. அந்த ஒரு பட்டனைத் தவிர மற்றதெல்லாம் சினிமாதான். அந்த ஒரு பட்டன் இல்லாவிட்டால் நான் இதை இவ்வளவு வருடம் கழித்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இதைவிட நுட்பமானது 2017-இல் வந்த வாட் ரிமெயின்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச். ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்பதைச் சிறு சிறு அத்தியாயங்களாகச் சொல்லும் கேம், மொத்தமே இரண்டு இரண்டரை மணி நேரம். "நடந்துகொண்டே இருப்பதெல்லாம் ஒரு கேமா?" என்று நக்கலடிப்பவர்கள் இந்த வகைக்கு வைத்த பெயர் வாக்கிங் சிமுலேட்டர். அதில் லூயிஸ் என்ற இளைஞனின் அத்தியாயம் வரும். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. கண்ட்ரோலரின் வலது ஸ்டிக்கால் (கட்டைவிரலால் அசைக்கும் குமிழால்) மீனை எடுத்து, கத்திக்கு அடியில் தள்ளி, தலையை வெட்டி, எதிர்ப்பக்கம் போட வேண்டும். எடு, தள்ளு, போடு. இரண்டு நிமிடத்தில் கை பழகிவிடும். அப்போது திரையின் மூலையில் அவனுடைய பகற்கனவு ஒன்று தொடங்கும். இடது ஸ்டிக்கால் அந்தக் கனவில் நடக்கலாம். கனவு மெல்ல மெல்ல வளர்ந்து திரை முழுவதையும் விழுங்கிவிடும். நீங்கள் அதில் ராஜாவாகப் படகில் போய்க்கொண்டிருப்பீர்கள், ஆனால் வலது கை பாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டே இருக்கும். வேலை அலுத்துப்போய் மனம் வேறெங்கோ போய்விடுவது என்றால் என்ன என்று லூயிஸ் உங்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. உங்கள் வலது கைக்கே தெரிந்துவிடும். இதை நக்கலடிப்பவர்களில் எத்தனை பேர் இந்த அத்தியாயம்வரை வந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, எதிர்க்கட்சியின் வலுவான வாதத்துக்கு வருவோம். 2007-இல் பயோஷாக் என்ற கேம் வந்தபோது கிளின்ட் ஹாக்கிங் என்ற கேம் வடிவமைப்பாளர் ஒரு விமர்சனக் கட்டுரை எழுதினார். லூடோநெரேட்டிவ் டிஸனன்ஸ் என்ற வாயில் நுழையாத சொல் அதிலிருந்துதான் பரவியது. விஷயம் எளிது: கதை ஒன்று சொல்கிறது, கை வேறொன்று செய்கிறது. அன்சார்ட்டெட் தொடரின் நேதன் டிரேக் கதைப்படி நகைச்சுவை உணர்வுள்ள, மனைவியிடம் திட்டு வாங்கும் நல்ல பையன். ஆட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு அடுத்த நிமிடம் ஜோக் அடிப்பான். இதை ஆடியவர்கள் சொல்லிச் சொல்லிக் காட்டியதில், 2016-இல் வந்த நான்காம் பாகத்தில் ஆயிரம் எதிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் ட்ரோஃபிக்கு அந்த வாயில் நுழையாத பெயரையே வைத்துவிட்டார்கள். தன் மேல் விழுந்த அடியை மாலையாகப் போட்டுக்கொண்டது போல.

பயோஷாக்கிலேயே இதற்கு ஒரு பதிலும் இருக்கிறது. ரேடியோவில் ஒருவன் "தயவுசெய்து இதைச் செய்வாயா" என்று ஒவ்வொன்றாகக் கேட்பான், நீங்களும் செய்துகொண்டே போவீர்கள், கேம் என்றால் சொன்னதைச் செய்வதுதானே. பாதிக்கு மேல் போனபிறகு, அந்த வார்த்தைகளைக் கேட்டால் கீழ்ப்படியும்படி உங்கள் பாத்திரம் வளர்க்கப்பட்டிருக்கிறது என்று தெரியவரும். அது தெரியவரும் அந்தக் காட்சியில் கண்ட்ரோல் உங்கள் கையில் இருக்காது. உங்கள் கண் முன்னால் உங்கள் கை கோல்ஃப் மட்டையால் ஒருவரை அடித்துக் கொல்லும். இவ்வளவு நேரம் கை உங்களுடையது என்று நினைத்தீர்களே, பார்த்தீர்களா என்று கேம் சிரிப்பது போல இருக்கும். அபாரம். ஆனால் அதன்பிறகு மிச்சமுள்ள சில மணி நேரமும் வேறொருவர் ரேடியோவில் சொல்ல, அம்புக்குறி காட்டும் இடத்துக்கே ஓடுகிறோம். "இவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லிவிட்டு மறுபடியும் அதே வேலையா?" என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். அந்த அலுப்பு நியாயமானது. எனக்கும் அந்தக் கடைசிப் பகுதி மங்கலாகத்தான் நினைவிருக்கிறது.

ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன் (2012) இன்னொரு படி மேலே போய், ஆடுபவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. மணலில் புதைந்த துபாயில் நடக்கும் போர்க் கதை. ஓரிடத்தில் வெள்ளை பாஸ்பரஸ் குண்டுகளை வீச வேண்டும். கணினித் திரையில் மேலிருந்து பார்க்கிறீர்கள், மனிதர்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகள், திரைக் கண்ணாடியில் உங்கள் பாத்திரத்தின் முகம் மங்கலாகப் பிரதிபலிக்கிறது. குறி வைத்து அழுத்துகிறீர்கள். அப்புறம் அந்த இடத்தின் வழியாக நடந்துபோகும்போதுதான் எரிந்து கிடப்பவர்கள் பொதுமக்கள் என்று தெரிகிறது. இதைக் கேம்களின் உச்சம் என்பவர்கள் உண்டு. "குண்டு வீசாமல் மேலே போக வழியே தரவில்லை, வீசிய பிறகு என்னைக் குற்றம் சொன்னால் எப்படி?" என்று கேட்பவர்களும் உண்டு. எனக்குப் பாதி மனம் இரண்டாவது கட்சியோடுதான். மெட்டல் கியரிலும் வேறு வழி இல்லை, ஆனால் அது என்னைப் பழி சொல்லவில்லை, துக்கத்தில் பங்குதான் கேட்டது.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம். கதை கேம்களைப் பற்றிப் பேசும் இரண்டு பேரைப் பிரிக்க வேண்டும் என்றால் தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்று சொன்னால் போதும்.

முதல் பாகம் 2013-இல் வந்தது. பூஞ்சைத் தொற்றால் உலகம் அழிந்த பின் ஜோயல் என்ற முரட்டு மனிதன் எல்லி என்ற சிறுமியை நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூட்டிப்போகிறான். அவள் உடலில் நோய்க்கு மருந்து இருக்கலாம். அதை எடுத்தால் அவள் பிழைக்க மாட்டாள். ஜோயல் மருத்துவமனைக்குள் புகுந்து எல்லோரையும் கொன்று அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். அறுவைச் சிகிச்சை அறையில் ஒரு மருத்துவர் சின்னக் கத்தியை நீட்டிக்கொண்டு நிற்பார். அவரைக் கொல்லாமல் எல்லியை நெருங்க முடியாது. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சுட்டுவிட்டுப் போனோம். பதினைந்து மணி நேரம் அந்தப் பெண்ணைப் பாதுகாத்துப் பழகிய கை, அது பாட்டுக்குச் செய்தது.

2020-இல் வந்த இரண்டாம் பாகம் அந்த மருத்துவரின் மகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆபி. அவள் தொடக்கத்திலேயே ஜோயலைக் கொடூரமாக அடித்துக் கொல்கிறாள். நீங்கள் எல்லியாகப் பழிவாங்கக் கிளம்புகிறீர்கள். சண்டை உச்சத்துக்கு வரும் நேரத்தில் கேம் கதையைப் பின்னால் தள்ளி, உங்களை ஆபியாக ஆடச் சொல்கிறது. சில நிமிடம் இல்லை, கிட்டத்தட்ட பாதி கேம். அதன் முடிவில் ஆபியாக நின்று எல்லியையே அடிக்க வேண்டும்.

வெளிவந்தது ஜூன் 19. அதற்கு முன்பே ஏப்ரலில் கதையின் முக்கியக் காட்சிகள் இணையத்தில் கசிந்துவிட்டன. மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர்களின் மதிப்பெண் 100-க்கு 93. பயனர் மதிப்பெண்ணோ முதல் நாளில் 10-க்கு 4-ஐக்கூடத் தொடவில்லை. முடிக்க 25 மணி நேரம் பிடிக்கும் கேமுக்கு வந்த சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கில் பூஜ்ஜியம். அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக், கேம் வெளிவந்து 36 மணி நேரத்துக்குப் பயனர்கள் மதிப்பெண் போட முடியாதபடி விதியை மாற்றியது. ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அதே ஆண்டின் கடைசியில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் அதற்கே போனது.

அந்தப் பூஜ்ஜியங்களை ஒதுக்கிவிட்டு, முழுவதும் ஆடிவிட்டுத் திட்டியவர்களை மட்டும் கேளுங்கள். அவர்கள் பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: "என்னை வைத்து." என்னை வைத்து எல்லியை அடிக்க வைத்தார்கள். என்னை வைத்து நாயைக் குத்த வைத்தார்கள். கடைசியில் கடற்கரையில், தண்ணீருக்குள், இரண்டு பேரும் எலும்பும் தோலுமாக நிற்கும்போது மறுபடியும் என்னை வைத்து அடிக்க வைத்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். எல்லி தோற்றாள், காட்சி மறுபடி தொடங்கியது, மறுபடி கீழே வைத்தார். மூன்றாவது முறை அழுத்தினார். அவர் இந்தக் கேமை வெறுக்கிறார். நான் மதிக்கிறேன். ஆனால் அவர் விவரிப்பதும் நான் விவரிப்பதும் ஒரே விஷயம்தான்: கை மறுத்தது, கேம் விடவில்லை. அது ஒரு கதைக்கு வெற்றியா அத்துமீறலா என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு, இன்னும் தீரவில்லை.

என் குறை வேறு. ஆபியின் பகுதி தொடங்கும்போது ஆயுதங்களும் திறன்களும் அடியிலிருந்து ஆரம்பமாகின்றன. பன்னிரண்டு மணி நேரம் சேர்த்ததெல்லாம் போய், மறுபடி இழுப்பறைகளைத் திறந்து திறந்து பொறுக்க வேண்டும். கதை அவளை வெறுக்காதே என்று கெஞ்சும் நேரத்தில், ஆட்டம் அவளோடு இருப்பதை ஒரு வேலையாக்கிவிடுகிறது. இந்தக் குறையைப் பாராட்டுபவர்களும் அதிகம் பேசுவதில்லை, திட்டுபவர்களும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

அடுத்தது "என் தேர்வுக்கு மதிப்பே இல்லை" என்ற புகார். மாஸ் எஃபெக்ட் மூன்று பாகங்கள், 2007-இலிருந்து 2012 வரை. ஒரு பாகத்தில் சேமித்த ஆட்டத்தை அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகலாம். யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். ஐந்து வருடம் அப்படிச் சேர்த்ததை வைத்துக் கடைசியில் வந்தது, நிறம் மட்டும் மாறும் ஏறக்குறைய ஒரே முடிவு. கொதித்துப்போனார்கள். ரசிகர்கள் சிலர் அதைச் செய்த பயோவேர் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப்கேக்குகளை அனுப்பிவைத்தார்கள்: சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம், எதைக் கடித்தாலும் ஒரே வெனிலா சுவை. இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கண்டதில்லை. சில மாதங்களில் முடிவை விரித்துச் சொல்லும் இலவச இணைப்பை நிறுவனம் வெளியிட்டது.

ஆனால் எல்லாத் தேர்வும் முடிவை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. டெல்டேல் நிறுவனத்தின் தி வாக்கிங் டெட் (2012) கேமில் க்ளெமென்டைன் என்ற சிறுமி கூடவே வருவாள். ஆடும்போது "க்ளெமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்" என்று திரையில் ஒரு வரி வரும். இரண்டாம் முறை ஆடினால் அவள் நினைவில் வைத்துப் பெரிதாக எதுவும் மாற்றவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் பலர் அதை மோசடி என்றார்கள். முதல் முறை ஆடியபோது ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் நான் பேசிய பேச்சையே மாற்றிக்கொண்டேன். மாறியது நான் என்றால் தேர்வு வேலை செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

விளைவுகளைச் சரியாகக் கையாண்டது என்று கேட்டால் தி விட்சர் 3 (2015) கேமின் ப்ளடி பாரன் கதையைத்தான் எல்லோரும் காட்டுவார்கள், நானும் அதையே காட்டுகிறேன். குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒரு பிரபு. அவனை வெறுத்துக்கொண்டே உள்ளே போவீர்கள், வெளியே வரும்போது என்ன நினைப்பது என்று தெரியாது. நடுவில், அவனோடு சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் ஒரு மரத்தடியில், அடைபட்டிருக்கும் ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று ஒரு தேர்வு. விடுவித்தால் அனாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள். அதற்கான விலையை அந்தப் பிரபுவும் அவன் மனைவியும் கொடுப்பார்கள், அதுவும் நீங்கள் அந்த மரத்தையே மறந்துபோன பிறகு. முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் மாற்றலாம் என்றால் இடையில் பல மணி நேர ஆட்டம் போய்விட்டிருக்கும். அதனால் பெரும்பாலானவர்கள் செய்ததைச் சுமந்துகொண்டே மேலே போனார்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதுதான் உங்களுக்கு முக்கியம். இங்கேதான் மற்றவர்கள் கருத்து உங்களை அதிகம் ஏமாற்றும். ஒரு கேம் ஐந்தாறு மணி நேரத்தில் முடிகிறது என்றால் முதல் நாளே திட்டு விழும். 2015-இல் தி ஆர்டர்: 1886 அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டது. உண்மையில் அதன் பிரச்சினை நீளமில்லை, அந்த ஐந்தாறு மணி நேரத்தில் கைக்கு வேலையே குறைவு. அதே அளவு நீளம்தான் டைட்டன்ஃபால் 2 (2016) கேமின் கேம்பெய்னுக்கும் (தனியாக ஆடும் கதைப் பகுதிக்கும்). அதில் ஒரு லெவலில் மணிக்கட்டில் ஒரு கருவி கிடைக்கும். பட்டனைத் தட்டினால் கடந்த காலம், மறுபடி தட்டினால் நிகழ்காலம். இடிந்த கட்டடத்தில் ஓடி, பாய்ந்து, நடுவானில் காலத்தை மாற்றி, இப்போது இல்லாத சுவரில் கால் வைப்பீர்கள். அது சுருக்கமாக முடிந்தது என்று யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. பேட்டில்ஃபீல்டு 1, கால் ஆஃப் டூட்டி என்ற பெரிய துப்பாக்கி கேம்கள் இரண்டுக்கும் நடுவில், வாரத்துக்கு ஒன்றாக வந்த வரிசையில் வெளியிட்டு அதை நசுக்கிவிட்டார்கள் என்ற குறைதான் இன்னும் ஓயவில்லை.

எதிர்முனையில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018). கதை மட்டுமே சுமார் 50 மணி நேரம். கதாநாயகன் ஆர்தர் மார்கன் ஒவ்வொரு அலமாரியையும் கையால் திறப்பான், வேட்டையாடிய மிருகத்தின் தோலை உங்கள் கண் முன் உரிப்பான், குதிரை செத்தால் சேணத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முகாமுக்குள் ஓடவே விடாது. பாதிப் பேர் இதைச் சலிப்பு என்றார்கள், பாதிப் பேர் வாழ்ந்தது போல இருந்தது என்றார்கள். நான் இரண்டாவது கட்சி, ஆனால் வாரக்கணக்கில் விடுமுறை இருந்தபோது ஆடியவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்தர் இருமத் தொடங்கும்போது, அவன் மூச்சு எனக்குப் பழகியிருந்ததால்தான் வயிற்றைப் பிசைந்தது. தினம் ஒரு மணி நேரம் ஆடினால், பனிமலையில் நடக்கும் முதல் அத்தியாயத்திலேயே நீங்கள் தூங்கிவிடுவீர்கள். இன்னொரு முரண்: இவ்வளவு பெரிய உலகத்தைத் திறந்துவிட்டு, மிஷன் என்று வந்தால் சொன்ன பாதையிலிருந்து கொஞ்சம் விலகினாலும் தோல்வி என்று எழுதிவிடும். இந்தப் புகாரைச் சொல்பவர்களோடு எனக்கு எந்த வாதமும் இல்லை.

தனியாள் கேம்களே செத்துவிட்டன என்ற பேச்சு 2017, 2018-இல் பலமாக இருந்தது. தனியாள் கேம்கள் செய்துவந்த விஸரல் ஸ்டுடியோவை மூடினார்கள், கால் ஆஃப் டூட்டி ஒரு வருடம் வழக்கமான கேம்பெய்ன் இல்லாமலே வந்தது. அதே 2018-இல்தான் காட் ஆஃப் வாரும் ரெட் டெட் 2-வும் வந்தன. 2023-இல் நண்பர்களோடும் ஆடலாம் என்றாலும் பெரும்பாலோர் தனியாகவே மூழ்கிய பால்டர்ஸ் கேட் 3, 2025-இல் கிளேர் ஆப்ஸ்க்யூர் என்று ஆண்டின் சிறந்த கேம் விருதுகள் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சை இனி யாராவது எடுத்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கருத்துகளைப் படிக்கும்போது இரண்டு மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் மேலே எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று இருக்கும். கதையின் முடிவைத் திட்டுபவர் மூன்று மணி நேரம் ஆடியிருந்தால் தாண்டிப்போங்கள். எழுதிய தேதியையும் பாருங்கள். கோளாறுகளோடு வெளிவந்த சைபர்பங்க் 2077-ஐ 2020 டிசம்பரில் திட்டியவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே அதைத் தூக்கினார்கள். 2023-இல் 2.0 மேம்படுத்தல் வந்தபிறகு பாராட்டியவர்கள் சொன்னதும் உண்மை. அப்புறம், எழுதியவர் எந்தச் சொற்களால் பேசுகிறார் என்று கவனியுங்கள். "உணர்ச்சிகரம்", "மாஸ்டர்பீஸ்", "குப்பை" என்று மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது. "மெதுவாகத் தள்ளினேன்", "சுட மனம் வரவில்லை", "கதவைத் திறக்காமல் நின்றேன்" என்று எழுதியிருந்தால் முழுதாகப் படியுங்கள், அவர் திட்டியிருந்தாலும்.

எதிலிருந்து தொடங்குவது? இரண்டு மூன்று இரவில் முடியும் பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ், ஜோசஃப் ஃபாரெஸ் 2013-இல் செய்தது. அப்புறம் ஈடித் ஃபின்ச், அதற்கடுத்து டைட்டன்ஃபால் 2. இந்த மூன்றும் பிடித்தால் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்துக்குப் போங்கள். கடினத்தைக் குறைத்து வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். கண்ட்ரோலர் கட்டாயம் வேண்டும், பிரதர்ஸ் கேமைக் கீபோர்டில் ஆடுவதில் அர்த்தமில்லை.

காரணம் இதுதான். நோயாளித் தந்தைக்கு மருந்து தேடிப் போகும் அண்ணன் தம்பி கதை அது. அவர்கள் பேசும் மொழி புரியாது, புரியவும் தேவையில்லை. இடது ஸ்டிக்கும் இடது ட்ரிக்கரும் (விரலால் இழுக்கும் பின்பக்கப் பட்டனும்) அண்ணன், வலது பக்கம் தம்பி. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நீங்கள்தான் நடத்த வேண்டும். முதல் அரைமணி நேரம் இருவரும் சுவரில் முட்டிக்கொள்வார்கள், சிரிப்பு வரும். தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், ஆற்றைக் கடக்க அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் போவான். கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் கேம் நகராமல் நிற்கும். என்ன செய்தாலும் போகாது. கோளாறு என்று நினைத்து இணையத்தில் வழி தேடாதீர்கள், இரண்டு கையும் கண்ட்ரோலரிலேயே இருக்கட்டும்.